எதிர் இருக்கைக்கு ஒரு கிண்ணம்

கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனை இறந்தவனாக்குவது யார்? கடலா, நீதிமன்றமா, கடந்துபோன வருடங்களா, இல்லை வீட்டில் அவனுக்குச் சோறு போடுகிறவளா? ஹதகேயாமா கினுயோவின் வாழ்க்கை இந்தக் கேள்வியை ஊருக்கு முன்னால் வைத்தது. அவள் அதைக் கேள்வியாக நினைத்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுஷி சாப்பிடப் போனாள், அவ்வளவுதான்.

அந்தக் கடை துறைமுகத்திலிருந்து மேடேறும் சாலையில், பெட்ரோல் பங்குக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்தது. விசேஷமான கடை இல்லை. ஓடும் பட்டையில் தட்டுகள் சுற்றிவரும். பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள் கைநீட்டி எடுத்துக்கொள்வார்கள். மேசையிலேயே வெந்நீர்க் குழாய், பச்சைத் தேயிலைப் பொடி, இஞ்சி ஊறுகாய். மீன் இறங்கும் துறைமுகத்து ஊரில் பட்டையில் சுற்றும் மீனைச் சாப்பிடுவதா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வாரம் முழுவதும் மீன் ஆலையில் குடல் உருவிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு, ஞாயிறன்று வேறு யாரோ அறுத்துவைத்த மீன் எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வழக்கத்தைத் தொடங்கிவைத்தவன் அவள் கணவன் எய்கிச்சி. சன்மா மீன் பிடிக்கும் படகில் எந்திரம் பார்த்தவன். கரையில் இருக்கிற ஞாயிறுகளில் மனைவியையும் மகள் சாயோரியையும் கூட்டிக்கொண்டு அங்கே போவான். வசந்தத்தில் கிடைக்கிற ஒல்லி மீன் ஒன்றின் பெயரை மகளுக்கு வைத்தவனும் அவன்தான். போனதும் முதலில் மூடிபோட்ட கிண்ணத்தில் ஆவியில் வெந்த முட்டையைத்தான் கேட்பான். கரண்டி வைத்தால் நடுங்குகிற அளவுக்கு மெத்தென்று இருக்கும். "கடல்ல பல்லுக்கு வேல. கரையில பல்லுக்கு லீவு," என்பான். அதற்குப் பிறகுதான் கானாங்கெளுத்தி, கணவாய்.

சாயோரி முதல் வகுப்பில் இருந்தபோது, பருவத்தின் கடைசிப் பயணத்தில் அந்தப் படகு கவிழ்ந்தது. சிலரைக் கடல் திருப்பிக்கொடுத்தது. எய்கிச்சியைக் கொடுக்கவில்லை.

படகு வெளியே போயிருக்கும்போது, போன ஆளுக்கு வீட்டில் ஒரு பங்கு எடுத்துவைப்பது அந்தக் கரையில் பழக்கம். அங்கே அவன் பசியோடு இருக்கக்கூடாது என்பதற்காக. அது படையல் இல்லை. இறந்தவர்களுக்குச் சோற்றில் சாப்பிடும் குச்சிகளை நட்டுவைப்பார்கள். வெளியே போனவனுக்கு, உயிரோடிருக்கிற எவருக்கும் வைப்பதுபோல், குச்சிகளைப் படுக்கைவாட்டில் வைப்பார்கள். விளையாட்டாகச் சோற்றில் குச்சியை நட்ட பிள்ளை அந்த ஊரில் உடனே கையில் அடி வாங்கும். எடுத்துவைத்த கிண்ணத்தின் மூடியைக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்ப்பதும் உண்டு. மூடியின் உட்பக்கத்தில் நீர் முத்து பிடித்திருந்தால் போனவன் நலமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

கினுயோ முதலில் தினமும் வீட்டில் வைத்தாள். பிறகு ஞாயிறு மட்டும், கடையில் மட்டும். எத்தனை பேர் என்று வாசலில் கேட்டால் மூன்று விரல் காட்டுவாள். எதிர் இருக்கைக்கு முட்டைக் கிண்ணம், ஒரு தட்டு கானாங்கெளுத்தி, ஒரு தட்டு கணவாய், படுத்த குச்சிகள். பாதிச் சாப்பாட்டில் கையை நீட்டி மூடியைத் தூக்குவாள், உள்ளே பார்ப்பாள், மூடுவாள். எல்லாம் ஆறிய பிறகு தானே சாப்பிடுவாள். சாயோரிக்கு அந்த முட்டை மேல் ஆசை. ஆனால் கேட்டதில்லை.

மூழ்கிய மற்றவர்களின் வீடுகளில் பூஜைமாடத்தில் படம் ஏறியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மார்க்கைச் சொல்வார்கள், யாரைப் பற்றியாவது கோள் மூட்டுவார்கள். சாயோரியின் வீட்டில் படம் இல்லை. அவள் தோழி வீட்டுக்குப் போனால் அந்தத் தோழியின் அப்பாவுக்கு முன்னால் கைகூப்பி உட்கார்ந்துவிடுவாள். தேவைக்கு மேலேயே உட்கார்ந்திருப்பாள். "போதும்டி, அவருக்குக் காது வலிக்கப்போகுது," என்று தோழியின் அம்மா சிரித்துக்கொண்டே எழுப்பிவிடுவாள். ஒரு பிள்ளை அடுத்த வீட்டில் துக்கத்தை இரவல் வாங்குகிறது என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கினுயோவுக்கும்தான்.

சாயோரி வளர்ந்தாள், நகரத்தில் வேலைக்குப் போனாள், மணம் முடித்தாள். கடை வாசலில் ஆளுக்குப் பதிலாகத் தொடுதிரை வந்தது. எத்தனை பேர் என்று அது கேட்க, கினுயோ இரண்டு என்று அழுத்தினாள். பக்கத்து மலையூரிலிருந்து ஓனோதெரா என்று ஒரு புது மேலாளர் வந்தான். முப்பதைத் தாண்டியவன், எதையும் கொஞ்சம் அதிகமாகவே கவனிக்கிறவன். ஞாயிறு மதியம் ஜன்னலோர மேசை ஒன்று அவளுக்காகக் காலியாக இருக்கும்படி அவனே பார்த்துக்கொண்டான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, எதற்கு என்று அவனும் கேட்கவில்லை. பின்னால் நடந்ததற்கு அந்த மரியாதைதான் காரணம்.

அந்த வருடக் கோடையில் சாயோரி ஊருக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை. அவள் வந்ததே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். பட்டையில் சால்மனும் சூரையும் போய்க்கொண்டிருக்க, அதைச் சொல்லிமுடித்தாள். நீதிமன்றத்தில் கேட்டால் அப்பா இறந்ததாக எழுதிக்கொடுப்பார்கள். கோயில் மேட்டில் தாத்தா பாட்டி இருக்கிற குடும்பக் கல்லறையில் பெயரைப் பொறிக்கலாம். பிள்ளை பிறக்கும்முன் அது நடக்கவேண்டும்.

"நாளைக்கி என் கொழந்த, தாத்தா எங்கன்னு கேட்டா எந்தப் பக்கம் கையக் காட்டறது?"

"கடல் பக்கம் காட்டு," என்றாள் கினுயோ.

"அவர் இருக்காரா, இல்லியா? ஒண்ணச் சொல்லு."

"வரல."

சாயோரி எதிர் இருக்கைக் கிண்ணத்தின் மூடியைத் தானே தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே நீர் முத்து முத்தாக இருந்தது.

"சூடா எது வந்தாலும் இப்படித்தாம்மா பிடிக்கும்."

"தெரியும். என்ன மக்குன்னு நெனச்சியா?"

உண்மையில் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. இல்லை என்று சொல்லவே முடியாத ஒரு குறியை நம்புவது நம்பிக்கை ஆகாது என்று வாதிடலாம். ஒருவேளை அவள் அதை நம்பவில்லை, செய்தாள். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தால் ஒரு பயனும் இல்லை.

"நீ காத்துக்கிட்டிருந்த, சரி," என்றாள் சாயோரி. குரலை உயர்த்தவில்லை. பக்கத்து மேசையில் குழந்தைகள் இருந்தார்கள். "நான் என்ன பண்ணேன்? அப்பாவுக்காக நான் ஒருவாட்டிகூட அழல. அழுதா ஒன்னக் காட்டிக்குடுக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப அழணும்னு நெனச்சாலும் வரமாட்டேங்குது."

கினுயோ மகளின் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. அதை வேறொரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, புதிதாகப் பொடி போட்டு, குழாயைத் திறந்து வெந்நீர் பிடித்துவைத்தாள். அதுதான் பதில். சாயோரி மறுநாள் நகரத்துக்குத் திரும்பினாள்.

இலையுதிர் காலத்தில் மீன் துறையில் சன்மா விழா நடக்கும். டிரம்களை நீளவாக்கில் பிளந்து கரி நிரப்பி, மேலே கம்பிவலை போட்டு, வரிசை வரிசையாக மீன் சுடுவார்கள். புகையில் எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது. சுட்ட மீன், துருவிய முள்ளங்கி, மீன் உருண்டை போட்ட சூப்பு. அதற்காக வெளியூரிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். சுடுகிறவர்கள் பெரும்பாலும் ஆலைப் பெண்கள். கினுயோ வருடா வருடம் அதே டிரம்முக்குப் பின்னால் நின்றாள். கணவனை எடுத்துக்கொண்ட மீனையே சுடுகிறாளே என்று வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி ஒருமுறை உருகிப் பேசியபோது, அவனை எடுத்தது கடல், மீன் என்ன செய்யும் என்று மட்டும் கினுயோ சொன்னதாகக் கேள்வி.

விழா தொடங்கும்முன் ஒரு சடங்கு உண்டு. கடலைப் பார்த்து ஒரு மேசை போட்டு வெள்ளைத் துணி விரிப்பார்கள். கடலில் இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சிறு பலகையும், குச்சி நட்ட ஒரு கிண்ணம் புதுச் சோறும். முதலில் சுட்ட மீன் அவர்களுக்கு. அந்த மேசையில் எய்கிச்சியின் பெயர் இருந்ததில்லை. அவனுக்கான மீனைக் கினுயோ தன் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் எடுத்துவைப்பாள், குச்சிகளைப் படுக்கவைத்து. ஊருக்கு அது தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாததால், புதிதாக வந்தவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அந்த வருடம் சடங்கு மேசைப் பொறுப்பு ஓனோதெராவிடம் வந்தது. சுஷிக் கடையும் விழாவில் பந்தல் போடுவதால் கமிட்டியில் அவனும் இருந்தான். பெயர்களைப் பார்த்தவனுக்கு ஒன்று குறைவது தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் செத்துப்போன கணவனுக்கு எதிர் இருக்கையில் உணவு வைக்கிற அந்த அம்மாவின் வீட்டுக்காரர் பெயரை இவ்வளவு காலம் எப்படி விட்டார்கள் என்று வருத்தப்பட்டான். கவிழ்ந்த படகின் ஆள் பட்டியலில் பெயரைத் தேடி எடுத்து, தானே ஒரு பலகையில் அழகாக எழுதினான். கடையிலிருந்து நல்ல அரிசி கொண்டுவந்து பொங்கினான். தட்டிலிருந்த குச்சிகள் படுத்திருந்ததை அத்தனை ஞாயிறும் பார்த்திருந்தான். கடையில் குச்சியை நட்டால் மற்றவர்கள் சாப்பிட முடியாதே, அதனால்தான் என்று அவனாகவே ஒரு விளக்கம் வைத்திருந்தான். நல்ல மனசு உள்ளவர்கள் செய்கிற தப்புக்கு இப்படி ஒரு விளக்கம் எப்போதும் இருக்கும்.

சாயோரி முதல் பிரசவத்துக்காகச் சில மாதங்கள் முன்னதாகவே தாய்வீடு வந்திருந்தாள். கோடையில் விட்ட பேச்சை இருவரும் திரும்ப எடுக்கவில்லை. விழாவன்று காலை, அம்மாவுக்குக் கையுறை கொடுக்க வந்தவள் அங்கேயே நின்றாள். பக்கத்து டிரம்மில் தோகியே என்ற ஆலைக்காரி, கினுயோவோடு இருபது வருடம் ஒரே மேசையில் மீன் அறுத்தவள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏய் கினு, மீனச் சுடுறியா, தகனம் பண்றியா? கரி ஏறுது பாரு."

"உன் கண்ணுல புக."

"என் கண்ணுல புக, உன் மீனுல தீ. பொண்ணே சாயோரி, உங்கம்மாவ வெச்சுக்கிட்டு எப்படித்தான் வளந்த? சுஷிக் கட புண்ணியம்."

சாயோரி சிரித்தாள். அப்போது மணி அடித்தது. எல்லோரும் மேசைப் பக்கம் திரும்பினார்கள். குருக்கள் பலகைகளைப் பார்த்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் ஹதகேயாமா எய்கிச்சி என்றார்.

டிரம்களுக்குப் பின்னால் பேச்சு நின்றது. தோகியே கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள். கினுயோ மீன் புரட்டும் இடுக்கியோடு மேசையை நோக்கி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. வெள்ளைத் துணியின் ஓரத்தில் அந்தக் கிண்ணம், குவித்த சோறு, நட்ட குச்சிகள். ஓனோதெரா பக்கத்தில் தலைகுனிந்து நின்றான், அவள் நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு. அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ புரிந்தது. அதற்குள் கினுயோ இடுக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குச்சிகளைப் பிடுங்க வலது கையை நீட்டிவிட்டாள்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. சாயோரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரமான சிமெண்டுத் தரையில் முட்டி போட்டிருந்தாள். கைகளைக் கூப்பியிருந்தாள். அப்பா என்றாள். வளர்ந்த ஒருத்தியின் வாயிலிருந்து வரக்கூடாத குரல் அது, முதல் வகுப்புப் பிள்ளையின் குரல். பிறகு வார்த்தை இல்லை. அவள் அழுத அழுகையில் பிரசவ வலி வந்துவிட்டதென்று பயந்து இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். தோகியே அவர்களைத் தடுத்தாள். "விடுங்க, அது வேற," என்றாள்.

கினுயோவின் கை குச்சிகளுக்கு மேலே நின்றது. அவள் மகளைப் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குச்சி கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதை நேராக நிமிர்த்தி, சோற்றில் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

பிறகு திரும்பி டிரம்முக்கு வந்து மீன்களைப் புரட்டினாள். ஒரு பக்கம் கரிந்திருந்தன.

சாயங்காலம் ஓனோதெரா வந்து இடுப்பு மடங்க வணங்கி நின்றான். யாரோ அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். நிமிரச் சொல்லும்வரை நிமிரமாட்டான் என்று தெரிந்தது.

"சோறு நல்லா வெந்திருந்துச்சு," என்றாள் கினுயோ. "என்ன அரிசி?"

அவன் தன் ஊர் அரிசி என்று சொன்னான்.

குளிர்காலத்துக்குள் அவளே நீதிமன்றத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தாள். இறந்ததாகத் தீர்ப்பு வந்தது. எலும்பு இல்லாத கலசத்தில் எய்கிச்சியின் கம்பளித் தொப்பியை வைத்து ஈமச்சடங்கு செய்தார்கள். வீட்டில் படம் ஏறியது. சாயோரி அதற்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினாள். எந்தப் பரீட்சையில் என்ன மார்க் என்பதிலிருந்து தொடங்கினாள் என்று தோகியே ஊரெல்லாம் சொன்னாள். கேலியாகத்தான் தொடங்குவாள், முடிக்க முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

ஈமச்சடங்கு முடிந்த வாரத்து ஞாயிறு அம்மாவும் மகளும் கடைக்குப் போனார்கள். திரையில் கினுயோ இரண்டு என்று அழுத்தினாள். சாயோரி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை காலத்தில் முதல்முறையாக அது வந்திருந்த ஆட்களின் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தது. முட்டைக் கிண்ணம் ஒன்றை மட்டும் கினுயோ வரவழைத்தாள். மூடியைத் தூக்கி, உள்பக்கம் பார்க்காமலே மேசையில் வைத்துவிட்டு, கிண்ணத்தை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"நீ சாப்பிடு. ரெண்டு உயிரு."

சாயோரி சாப்பிட்டாள். அடியில் ஒரு ஜின்க்கோ கொட்டை இருந்தது, லேசான கசப்போடு. அப்படி ஒன்று அடியில் இருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்த ஓனோதெரா, தன் தப்பினால் கடைசியில் ஒரு நல்லது நடந்துவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும். அடுத்த வாரத்திலிருந்து ஜன்னலோர மேசையைக் காலியாக வைக்கிற வழக்கத்தை அவன் விட்டுவிட்டான். ஊரும் அப்படித்தான் நினைத்தது. சாயோரியும்.

கல்லில் பெயர் பொறிக்க, கிகுத்தா என்ற கல்தச்சர் வீட்டுக்கு வந்து பேசினார். கணவன் பெயரோடு மனைவி பெயரையும் இப்போதே பொறித்துவிடலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள் என்றார். உயிரோடிருப்பவர் பெயரின் பள்ளத்தில் சிவப்புச் சாயம் இடுவது வழக்கம். அவர் போன பிறகு சாயத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள், இருவர் பெயரும் ஒரே நிறமாகிவிடும். கினுயோ சரி என்றாள். நல்ல யோசனை என்று சாயோரியும் சொன்னாள். அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு இடம் குறித்தாயிற்று என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

வசந்தத்தில், முன்னோர் கல்லறைக்குப் பூ வைக்கப் போகும் நாளில், சாயோரி கைக்குழந்தையோடு கோயில் மேட்டுக்கு ஏறினாள். அம்மா முன்னாலேயே போயிருந்தாள். கிகுத்தா பக்கத்தில் வேறொரு கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். சாயோரி கல்லின் பக்கவாட்டைப் பார்த்தாள். பிறகு, தான் பார்த்ததில்தான் ஏதோ பிசகு என்பதுபோல், கிட்டே போய் மறுபடி பார்த்தாள்.

கினுயோ என்ற பெயர் வெறும் கல்லாக இருந்தது. சிவப்பு எய்கிச்சியின் பெயரில் இருந்தது.

அவள் கல்தச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"எங்கிட்டக் கோவப்படாதீங்க. மாத்திச் சொல்றீங்களேன்னு மறுபடி மறுபடி கேட்டுட்டேன். சரியாத்தான் சொல்றேன், போடுங்கன்னாங்க. சாயத்தையும் அவங்களே கையில வாங்கி, கடைசி எழுத்த அவங்கதான் நெரப்பினாங்க."

கினுயோ மர அகப்பையால் தண்ணீர் மொண்டு கல்லின் உச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் பெயர் இருந்த பக்கமாக மட்டும் வழியும்படி பார்த்து ஊற்றினாள். குழந்தை கையை நீட்டி, பளபளத்த அந்தச் சிவப்பைத் தொடப் போனது.

"அம்மா," என்றாள் சாயோரி.

"தொட விடாத," என்றாள் கினுயோ. "இன்னும் காயல."